கூப்பிட்டால் திரும்பாதவர்கள்

என் பெயரைக் கேட்கிறவர்கள் அதோடு நிறுத்துவதில்லை. "இது ஆம்பள பேரா, பொம்பள பேரா?" என்று இன்னொரு கேள்வி பின்னாலேயே வந்து விழும். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் கேட்பார். காஸ் சிலிண்டர் போட வருகிறவர் கேட்பார். ஒரு பல் டாக்டர் என் வாய்க்குள் கண்ணாடியை விட்டுக்கொண்டே கேட்டார். நான் எதுவாக இருந்தால் என் கடைவாய்ப் பல்லுக்கு என்ன? சொத்தை அதைக் கேட்டுக்கொண்டா வந்தது? வாயில் கண்ணாடி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அவர் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

அதனால் அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்களும் அதைத்தான் யோசிப்பீர்கள். சாதாரணத் தமிழ்ச் சொல், எங்கள் பக்கத்தில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள் என்பதோடு விட்டுவிடுங்கள். ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பழைய பெயரையும் எழுத மாட்டேன். அது வேதத்தில் வரும் ஒரு பெண்ணின் பெயர். அதை இருபத்தைந்து வருடம் சுமந்தது போதும்.

நான் பிறந்தபோது பெண் என்று சொன்னார்கள். சொன்னது வேறு யாருமில்லை, அம்மாதான். அம்மா வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் நர்ஸ். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை வெளியே வந்ததும் அதைத் தூக்கிக் காட்டி, "இன்னா கொழந்தைன்னு நீயே வாயால சொல்லும்மா" என்று பெற்றவளையே சொல்ல வைப்பார்கள். பின்னால் குழந்தை மாறிப்போய்விட்டது என்று யாரும் சண்டைக்கு வரக் கூடாது அல்லவா, அதற்காக. தினமும் மற்றவர்களைச் சொல்ல வைத்த அம்மா, தன் முறை வந்தபோது என்னைப் பார்த்து, "பொண்ணு" என்றார். அதில் எனக்குக் கோபமில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார். கண்ணில் பட்டதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று ஊரே முடிவு கட்டியதில்தான் கோபம்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் பெண் என்று எனக்குத் தோன்றியதில்லை. சரி, ஆண் என்று தோன்றியதா என்றால் அதுவும் இல்லை. இப்போது இதற்கெல்லாம் சொற்கள் வந்துவிட்டன. தொண்ணூறுகளில் ஆம்பூரில் எனக்கு யாரும் எந்தச் சொல்லும் கொடுக்கவில்லை. எங்கள் சர்ச்சில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் உட்காருவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் இடப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, இது யாருடைய இடத்திலோ தெரியாமல் உட்கார்ந்துவிட்டது போல இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வேன். வலப்பக்கத்தைப் பார்த்தாலும் அங்கே என் இடம் எதுவும் காலியாகத் தெரியாது.

எங்கள் வீட்டில் பெயரைப் பற்றி ஒரு கதை உண்டு. கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம், சாப்பாட்டுக்கு எல்லோரும் கூடிய பிறகு அப்பா அதைச் சொல்வார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சொல்லத் தெரிந்தவர். அது அவருடைய தாத்தாவின் கதை. எனக்குக் கொள்ளுத்தாத்தா. கணியம்பாடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பண்ணையாள். அங்கே பண்ணைக்காரர் வைத்ததுதான் பெயர். அவருக்கு வைத்திருந்தது பெயரே இல்லை, வசவு. குப்பையையும் அழுக்கையும் குறிக்கிற ஒரு சொல். நல்ல பெயர் வைத்துக்கொண்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்று அந்த ஆட்களுக்குப் பயம். கொள்ளுத்தாத்தா ஞானஸ்நானம் எடுத்து, புதுப் பெயர் வாங்கிக்கொண்டு, மறுநாள் வேலைக்குப் போனார். பண்ணைக்காரர் வரப்பில் நின்று பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இவர் திரும்பவில்லை. திரும்பக் கூப்பிட்டார். இவர் குனிந்த தலை நிமிராமல் நாற்று நட்டுக்கொண்டிருந்தார். முதுகில் அடி விழுந்தது. அப்போதும் திரும்பவில்லை.

இந்த இடத்தில் அப்பா கொஞ்சம் நிறுத்துவார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொல்வார்: "கடைசில அந்த ஆளு, 'ஏய்'னான். எங்க தாத்தா திரும்பினாரு. ஏய்னா பரவால்ல, அது எல்லார்க்கும் பொதுவு!" வீடே சிரிக்கும். அதன் பிறகு அப்பாவின் கண் கலங்கும். அந்த அடியை வாங்கிக்கொண்டுதான் அவர் ஊரை விட்டு ஆம்பூருக்கு வந்து தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்தார், அதனால்தான் நாம் படித்தோம், நர்ஸானோம், வாத்தியாரானோம் என்று முடிப்பார். எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். அதை நான் முழுசாக நம்பினேன். அதுதான் என் தப்பு என்று அப்பா பிற்பாடு நினைத்திருக்கலாம்.

நான் வைத்துக்கொண்ட பெயரை முதலில் கேட்டது அம்மாவின் ஆஸ்பத்திரியில். பள்ளி லீவு நாட்களில் அம்மாவோடு பஸ் ஏறி வேலூர் போய், டியூட்டி முடியும்வரை ஓ.பி. ஹாலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் மைக்கில் ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருவர் லுங்கி கட்டிய பெரியவர், குடியாத்தம் தறிக்காரர் போல இருந்தார். இன்னொருவர் கையில் பையும் எக்ஸ்ரேயுமாக ஒரு பெண். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "உங்க பேரும் அதுவா?" என்று பெரியவர் கேட்டார். அந்தப் பெண், "ஆமாங்க, நீங்க போங்க மொதல்ல" என்றார். ஹாலில் யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரே பெயருக்கு அவரும் எழலாம், இவரும் எழலாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நானும் எழுந்திருக்கப் பார்த்தேன், நிஜமாகவே. பெஞ்சின் விளிம்புவரை வந்துவிட்டேன்.

அதை அன்றே எனக்கு எடுத்துக்கொண்டேன். வெளியே சொல்லத்தான் பல வருடம் ஆனது.

படித்து முடித்து, இரண்டாயிரம் பிறந்த பிறகு, ஆம்பூரிலேயே ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் சேர்ந்தேன். தைத்து வரும் அப்பர்களை, அதாவது ஷூவின் மேல்பாகங்களை, திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதை, தோலில் கீறல் இருப்பதை ஒதுக்குவது வேலை. அங்கே பெயருக்கு மதிப்பே கிடையாது, எல்லாம் டோக்கன் நம்பர்தான். லைனில் தப்பு வந்தால் நம்பரைச் சொல்லிக் கத்துவார்கள். என்னையும் வருடக்கணக்கில் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஒரு மனுஷ உயிரை நம்பரால் கூப்பிடுகிறோமே, இது ஆண் நம்பரா, பெண் நம்பரா என்று ஒருவரும் கவலைப்படவில்லை. நான் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னதும்தான் எல்லோருக்கும் கவலை வந்துவிட்டது.

சட்டப்படி மாற்றிக்கொள்வது சுலபமாக இருந்தது, இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேலூரில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் மரத்தடியில் டைப்ரைட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் அரசிதழ் மனுவை அடித்துக் கொடுத்தார். "காரணம் போடணுமே, நியூமராலஜி தானே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அடித்தும் முடித்துவிட்டார். அதிர்ஷ்டத்துக்காகப் பெயரில் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள்கிறவர்கள் அவரிடம் நிறையப் பேர் வருவார்களாம். கிரகம் சொன்னால் பெயரை மாற்றலாம். எண் சொன்னால் மாற்றலாம். பெயருக்குச் சொந்தக்காரர் சொன்னால் மட்டும் காரணம் கேட்பார்கள்.

அரசிதழில் வந்ததை எடுத்துக்கொண்டு கம்பெனியில் என் சூப்பர்வைசரிடம் போனேன், ஐ.டி. கார்டில் மாற்றித் தரச் சொல்லி. அவர் ஆம்பூர் முஸ்லிம், வயசானவர், லைனில் யாருக்கும் கெட்டது நினைக்காதவர். காகிதத்தைப் பார்த்தவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இன்னாம்மா இது? வூட்ல தெரியுமா?"

"சொல்லப் போறேன், சார்."

"பையன் யாரு?"

எனக்குப் புரியவில்லை. "எந்தப் பையன்?"

"மறைக்காத. பேரு மாத்தறதுன்னா இன்னா, மதம் மாறறதுதானே? நம்ம பக்கம் யாரையோ புடிச்சிக்கினு இருக்கியா, இல்ல இந்துங்க பக்கமா? இதுல நம்ம பேரும் இல்ல, உங்க பேரும் இல்ல. ஒண்ணும் வெளங்கல. எதுவா இருந்தாலும் கம்பெனி மேலதான் பழி வரும். மதம் மாத்தறாங்கன்னு கேஸ் போடற காலம் இது. ஜாஸ்தி பேஜாரும்மா. வேணாம்."

மதமும் இல்லை, பையனும் இல்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. காகிதத்தை மடித்து என் கையிலேயே வைத்துவிட்டார். அவர் பயந்தது நிஜமான பயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் யாரிடமோ வருத்தப்பட்டுச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறுக்குள் எங்கள் சபை முழுக்க விஷயம் பரவிவிட்டது. வாத்தியார் வீட்டுப் பொண்ணு மதம் மாறிவிட்டது.

எங்கள் ஊரில் அப்படித்தான் நினைப்பார்கள், நினைக்கக் காரணமும் உண்டு. பெயர் மாறினால் சாமி மாறியது என்று அர்த்தம், அல்லது கல்யாணம் என்று அர்த்தம். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எந்தப் பக்கத்து ஆட்களுக்கும் தோன்றாது. இதில் மட்டும் அவ்வளவு ஒற்றுமை.

ஒரு சாயங்காலம் ஆயரும், சபைச் செயலாளரும், ஜெபக் கூட்டத்துப் பெண்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா நாற்காலிகளை எடுத்துப் போட்டார். அம்மா டியூட்டி முடித்து வந்த அலுப்போடு டீ போட்டார். நான் நடுவில் உட்கார்ந்தேன். என்னை மீட்டுக் கொண்டுவரச் சொல்லி ஒருவர் மாற்றி ஒருவர் உருகி உருகி ஜெபித்தார்கள். ஒரு அம்மாள் அழுதேவிட்டார். அவர்கள் ஓயும்வரை காத்திருந்து, நான் மதம் மாறவில்லை, மாறும் எண்ணமும் இல்லை என்று சொன்னேன்.

எல்லோர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. ஆயர் சிரித்தார். அப்பா இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். அந்த வெளிச்சம் அணைவதற்குள் நான் வாயை மூடியிருக்கலாம். எனக்கு ஆத்திரம். ஏன் மூட வேண்டும்?

"என்னைப் பொண்ணுன்னு எனக்குத் தோணல. ஆம்பளன்னும் தோணல. ரெண்டுக்கும் பொதுவா ஒரு பேரு வேணும்னு வச்சிக்கினேன். அவ்ளோதான்" என்றேன்.

மதம் மாறியிருந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஜெபம் உண்டு, உபவாசம் உண்டு, திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ள முறை உண்டு. இதற்கு ஒன்றும் இல்லை. ஆயர் வேதத்தின் முதல் பக்கத்தைப் புரட்டி, ஆண், பெண் என்று இரண்டே பேர்தான் படைக்கப்பட்டார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். பிரசவ வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்த அம்மா, டீ டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, "பெத்தவங்க யாரும் மூணாவதா ஒண்ணு சொன்னதில்ல" என்றார். நீங்கள் மூன்றாவதாக ஒன்று உண்டென்று கேட்டீர்களா அம்மா என்று எனக்கு நாக்கின் நுனிவரை வந்தது. அலுத்துப்போன அந்த முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன்.

"உங்க தாத்தா மாத்திக்கல?"

"அது வேற, இது வேற."

"எப்படிப்பா வேற?"

"அவரு மனுஷனா ஆவறதுக்கு மாத்தினாரு."

"நானும் அதுக்குத்தாம்பா."

அப்பா எழுந்து போய்விட்டார். கதவு மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என்னை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. பழைய பெயரைச் சொன்னால் நான் பதில் சொல்ல மாட்டேன், புதுப் பெயர் அவர்கள் வாயில் வராது. "இந்தா", "கேக்குதா", "சாப்ட வா" என்றே காலம் ஓடியது. இதில் அவர்களுக்குச் சிரமமே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எப்போதும் "ஏங்க"தான். அப்பாவும் அம்மாவை "இந்தா பாரு" என்பதோடு சரி. பெயரே சொல்லாமல் முப்பது வருடம் குடும்பம் நடத்தத் தெரிந்தவர்களுக்கு என்னைப் பெயர் சொல்லாமல் வளைய வருவது என்ன பெரிய காரியம்? ஒரு நாள் அப்பா தோட்டத்திலிருந்து, "ஏய்" என்றார். நான் திரும்பினேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கதை ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்பா கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார்.

என் பிறந்தநாள் மாதம் வந்தது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு, பிறந்தநாள் வருகிறவர்கள் உறையின் மேல் தங்கள் பெயரை எழுதி ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பார்கள். ஆயர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அவரவர் எழுந்து முன்னே போய் நிற்க வேண்டும். பிறகு ஜெபம், பாட்டு. சின்ன வயதில் அது எனக்குப் பிடித்த ஞாயிறு. இந்த முறை உறையின் மேல் என் புதுப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி, செயலாளர் கையிலேயே கொடுத்தேன். முந்தின நாள் ஆயரைப் பார்த்தும் சொல்லியிருந்தேன். ஒரே ஒரு முறை, அவர் வாயால் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். எனக்கு வேறு எந்த ஆசீர்வாதமும் வேண்டியிருக்கவில்லை. "பாக்கலாம்" என்றார்.

மறுநாள் ஆராதனையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டார்கள், போய் நின்றார்கள். பிறகு ஆயர் என் உறையைக் கையில் எடுத்தார். அதில் எழுதியிருந்ததைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என் பழைய பெயரைக் கூப்பிட்டார்.

நான் எழவில்லை.

சபை என் பக்கம் திரும்பியது. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "எழுந்திரு, எல்லாரும் பாக்கறாங்க" என்று கிசுகிசுத்தார். ஆயர் மறுபடியும் அதே பெயரைச் சொன்னார், இந்த முறை மைக்கின் அருகில் வந்து. நான் அவர் கண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆண்கள் பக்கத்தில் அப்பா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்தப் பாட்டும் பாடாத நேரத்தில் அதையே படித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சுவரை கேட்கும் குரல் அவருடையது.

ஆயர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு வரல போல" என்று சொல்லி உறையைத் தட்டில் போட்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

இடப்பக்கம் நாலாவது பெஞ்சில், அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்த என்னை, முழு சபைக்கு முன்னால் வரவில்லை என்று சொன்னார். காணிக்கை மட்டும் வந்து சேர்ந்துவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒருவரும் என்னிடம் பேசவில்லை. வராதவரிடம் எப்படிப் பேசுவார்கள்? நான் பஸ் ஸ்டாண்ட் வரை வேக வேகமாக நடந்தேன், எந்த பஸ்ஸிலும் ஏறாமல் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து அந்த சர்ச்சுக்குள் நான் போனதில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் மத்தியானம் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, வழக்கமான சிரிப்பு. சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் மகள் அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, அந்தக் கதை" என்றாள்.

அப்பா ஆரம்பித்தார். கணியம்பாடி, பண்ணை, வசவுப் பெயர், ஞானஸ்நானம். எல்லாம் எப்போதும் போல வந்தது. மறுநாள் காலை வேலைக்குப் போனார், நாற்று நட்டுக்கொண்டிருந்தார் என்பது வரை வந்தார்.

"வரப்பு மேல நின்னுக்கினு அந்த ஆளு..."

அதோடு நின்றது. நான் எதிரில் தரையில் உட்கார்ந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கண் என்மேல் வந்து, உடனே விலகியது. அந்தக் கதையில் இப்போது தான் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நாற்று நடுகிற ஆளோடு இல்லை.

"அப்புறம் இன்னா, தாத்தா?" என்று குழந்தை அவர் சட்டையை இழுத்தாள்.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. தண்ணி எடுத்துக்கினு வா, போ."

"இருக்கே! நீங்க எப்பவும் சொல்வீங்களே!"

அண்ணன் டி.வி.யைப் போட எழுந்தான். நான் தட்டுகளைக் கீழே வைத்தேன்.

"பழைய பேரைச் சொல்லிக் கூப்ட்டாங்க" என்றேன். "திரும்பல. அடிச்சாங்க. அப்பவும் திரும்பல."